எண் பலகை மாட்டினால் போதுமா? பொதுச் சாலையில் ஏடிவி ஓட்டுவதன் சட்டமும் காரணமும்

ஏடிவி என்பது சாலை இல்லாத நிலத்திலும் ஓடுவதற்கென்று செய்த, பருத்த டயரும் ஹேண்டில்பாரும் கொண்ட சிறு நான்கு சக்கர வண்டி. அதன் அருகில் போய்க் குனிந்து பார்த்தால், முன் மட்கார்டின் மேலோ எரிபொருள் தொட்டியின் பக்கத்திலோ ஓர் எச்சரிக்கை ஸ்டிக்கர் தென்படும். பயிற்சி பெறாமல் ஓட்டக்கூடாது, மது அருந்திவிட்டு ஏறக்கூடாது, ஒற்றை இருக்கை வண்டியில் பின்னால் ஆளை ஏற்றக்கூடாது என்ற வரிகளுக்கு நடுவே இன்னொரு வரியும் இருக்கும்: பொதுச் சாலையில் ஒருபோதும் ஓட்டக்கூடாது. இதை எழுதியது வண்டியைச் செய்து விற்ற நிறுவனமே. அதே வண்டியின் பின்புறத்தில், சில நாடுகளிலும் மாநிலங்களிலும், அரசு வழங்கிய எண் பலகை தொங்குகிறது. முன்னால் தடை, பின்னால் அனுமதி.

"ஏடிவியைச் சாலையில் ஓட்டலாமா?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் தேடுபவர்கள் குழம்பிப் போவதற்கு இந்த முரண்தான் காரணம். எந்த ஊர், எந்த வண்டி, எந்தச் சாலை, எவ்வளவு தூரம், எதற்காக என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. ஓர் எல்லைக் கோட்டைத் தாண்டினால் பதில் தலைகீழாகிவிடும். இதை அதிகாரிகளின் மனம்போன போக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் குழப்பத்தின் வேர் சட்டப் புத்தகத்தில் இல்லை, வண்டியின் அடிப்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால்தான் சட்டம் ஏன் இப்படிப் பல திசையில் இழுபடுகிறது என்று விளங்கும்.

டயரும் அச்சும்

காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்கு மேல் காற்றழுத்தம் இருக்கும். ஏடிவியின் டயரில் பொதுவாக 4 முதல் 7 பவுண்டுதான். கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும் அளவுக்கு மென்மை. சேற்றிலும் மணலிலும் புதையாமல் பரந்து படுத்து நகர்வதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். மேலே துருத்திக்கொண்டிருக்கும் தடித்த ரப்பர் கட்டைகள் மண்ணைக் கவ்வுவதற்கு. தார்ச்சாலையில் கவ்வுவதற்கு மண் இல்லை. அந்தக் கட்டைகள் வேகத்தில் வளைந்து நெளியும். வண்டி ஓட்டுபவர் திருப்பிய திசைக்குச் சற்றுத் தாமதமாகவும் ஒழுங்கின்றியும் பதில் சொல்லும். அந்த டயர்களில் பலவற்றின் பக்கவாட்டிலேயே நெடுஞ்சாலைப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று அச்சிட்டிருப்பார்கள்.

டயரைவிடப் பெரிய சங்கதி பின் அச்சு. எந்த நான்கு சக்கர வண்டியும் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், செங்கோணமாக ஒரு முனையில் திரும்புவதற்குள் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 1.57 மீட்டர் கூடுதலாக உருள வேண்டியிருக்கிறது. வளைவு அகலமானாலும் குறுகியதானாலும் இந்த வேறுபாடு மாறாது. காரில் இதைச் சமாளிப்பது டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி. இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல அது இடம் கொடுக்கிறது. பல ஏடிவிகளின் பின் அச்சில் அது கிடையாது. ஒரே தண்டு, இரு முனையிலும் சக்கரம். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும்.

மண்ணில் இது குறையாகத் தெரியாது. உட்புறச் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், தூசி கிளம்பும், வண்டி திரும்பிவிடும். சொல்லப்போனால் சேற்றிலிருந்து வெளியேற இந்த இறுகிய அச்சுதான் கைகொடுக்கும். தார்ச்சாலையில் வழுக்குவதற்கு வழி இல்லை. சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்கிறது. வண்டி நேராகப் போகவே முரண்டு பிடிக்கிறது. ஓட்டுபவர் ஹேண்டில்பாரை இன்னும் அழுத்தித் திருப்புகிறார். ஒரு கட்டத்தில் பிடி சட்டென்று மாறி வண்டி உள்வாங்கித் திரும்புகிறது. குறுகிய அகலமும் உயர்ந்த ஈர்ப்பு மையமும் கொண்ட வண்டி அந்த நொடியில் கவிழும். மோட்டார் சைக்கிள் வளைவில் தானே சாய்ந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. கார் அகலத்தாலும் தாழ்வாலும் நிற்கிறது. ஏடிவிக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. ஓட்டுபவர் தன் உடலைத் தூக்கி வளைவின் உட்பக்கம் சாய்த்துத்தான் அதை நிலைநிறுத்த வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் மெதுவாகப் போகும்போது செய்யக்கூடிய அந்த வேலை, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி எதிரே வரும்போது நடக்காது.

அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, சாலைக்கு வெளியே ஓடுவதற்கென்று செய்யப்பட்ட இத்தகைய வண்டிகளால் அந்த நாட்டில் ஆண்டுக்கு 700க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். காட்டுப் பாதையிலும் மலைச் சரிவிலும் நிகழும் சாவுகள் என்றுதான் கேட்பவர் நினைப்பார். ஏடிவி மரணங்களில் பாதிக்கு மேல் சாலைகளில் நிகழ்கின்றன என்று அங்கே ஆய்வுக்குப் பின் ஆய்வு காட்டியிருக்கிறது. அந்தச் சாலை மரணங்களிலும் பெரும்பாலானவற்றில் வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படவில்லை. ஏடிவி தானாகக் கட்டுப்பாட்டை இழந்து சாலையை விட்டு விலகியோ கவிழ்ந்தோ போயிருக்கிறது. சாலையில் காரும் லாரியும் இருப்பது மட்டுமே ஆபத்து என்றால் இப்படி இருக்காது. வெறும் சாலையே இந்த வண்டிக்குப் பகையான தரை.

மூன்று சக்கரத்தில் தொடங்கிய கதை

இந்த வண்டியின் பிறப்பையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது, அப்போது விற்பதற்கு ஏதாவது வேண்டும் என்று அமெரிக்க விற்பனையாளர்கள் கேட்டதன் விளைவாக ஹோண்டா நிறுவனம் 1970இல் ஒரு மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. பலூன் போன்ற பருத்த டயர்கள், சஸ்பென்ஷன் கிடையாது, டயரே குதிப்பைத் தாங்கும். பனியும் மணலும் சேறும்தான் அதன் உலகம். சுசுகி 1982இல் நான்கு சக்கர மாதிரியை அறிமுகப்படுத்தியது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து, குறிப்பாகச் சிறுவர்கள் செத்துக்கொண்டே இருந்ததால், 1988இல் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய நிறுவனங்கள் அமெரிக்க அரசுடன் நீதிமன்ற உடன்பாடு ஒன்றுக்கு வந்து மூன்று சக்கர வண்டி விற்பனையை நிறுத்தின. பத்து ஆண்டுக் காலத்துக்கான அந்த உடன்பாடு 1998இல் முடிந்தது. பிறகு 2008ஆம் ஆண்டுச் சட்டம் புதிய மூன்று சக்கர ஏடிவிகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடுத்தது. நான்கு சக்கர வண்டிகளுக்கு அதுவரை தொழில்துறை தானாக வைத்திருந்த தரநிலையைக் கட்டாயமாக்கியது.

இந்த வரலாற்றில் சாலை எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வண்டியை வடிவமைத்தவர்களும் சாலையை நினைக்கவில்லை, அதைக் கட்டுப்படுத்த வந்த முதல் சட்டங்களும் அதை ஒரு போக்குவரத்து வாகனமாகப் பார்க்கவில்லை. நுகர்பொருள் என்ற கணக்கில்தான், மின்விசிறியையும் பொம்மையையும் கவனிக்கும் ஆணையத்தின் கையில்தான், அது போய்ச் சேர்ந்தது. இன்றுவரை நீடிக்கும் சிக்கலின் ஆரம்பம் அதுதான்.

ஒரே நாட்டில் பல விடைகள்

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் மோட்டார் வாகனம் என்பதற்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது: முதன்மையாகப் பொதுச் சாலைகளில் பயன்படுத்துவதற்காக உற்பத்தி செய்யப்பட்டது. ஏடிவி அப்படி உற்பத்தி செய்யப்படவில்லை. எனவே கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பொருந்தும் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்கள் இதற்குப் பொருந்தாது. பிரேக், விளக்கு, டயர், கண்ணாடி எதற்கும் சாலைக்கான தேர்வு கிடையாது. ஆனால் யார் எந்தச் சாலையில் ஓட்டலாம், எதைப் பதிவு செய்யலாம் என்பது மாநிலங்களின் அதிகாரம். ஆகவே மத்திய அரசு "இது சாலை வாகனம் இல்லை" என்று ஒதுங்கிவிட, மாநில அரசு "சாலையில் ஓட்டிக்கொள்" என்று சொல்லும் நிலை சட்டப்படியே சாத்தியமாகிறது.

அரிசோனாவில் எண் பலகை, பின்பார்வைக் கண்ணாடி, ஹாரன், பிரேக் விளக்கு, காப்பீடு என்ற வரிசை நிறைவேறினால் ஏடிவி சாலையில் ஏறலாம். யூட்டாவிலும் மொன்டானாவிலும் ஏறத்தாழ இதே பாணி. கலிபோர்னியாவில் சாலையைக் குறுக்கே கடப்பது போன்ற சில விலக்குகள் தவிர இடமில்லை. அயோவாவில் 2022 ஜூலை முதல், இருவழிச் சாலைகளில், 18 வயது நிரம்பி உரிமமும் காப்பீடும் உள்ளவர்கள் மணிக்கு 35 மைலுக்கு மிகாமல் ஓட்டலாம். அலாஸ்காவில் 2022 ஜனவரி முதல் வேக வரம்பு 45 மைலுக்கு மிகாத சாலைகளில் பதிவு செய்த ஏடிவிகளுக்கு அனுமதி; ஆனால் உள்ளாட்சிகள் மறுக்கலாம் என்றும் விதி சொன்னதால், மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான ஆங்கரேஜ் உடனடியாக மறுத்துவிட்டது. மேற்கு வர்ஜீனியாவின் விதி இன்னும் நுணுக்கமானது: நடுக்கோடு போடாத சிறு சாலைகளில் ஓட்டலாம், நடுக்கோடு உள்ள இருவழிச் சாலையில் என்றால் பத்து மைலுக்கு மிகாத தூரம், 25 மைலுக்கு மிகாத வேகம், ஓரமாக, இருட்டில் என்றால் முகப்பு விளக்கை எரியவிட்டு.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் வேகத்தைப் படியாக வைத்தது. சாலையின் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர் அல்லது அதற்குக் கீழ் என்றால் ஏடிவி 20 கிலோமீட்டரில்தான் போக வேண்டும். அதற்கு மேற்பட்ட சாலை என்றால் 50. முடிந்தவரை சாலையின் மண் ஓரத்தில் போக வேண்டும், தலைக்கவசம் கட்டாயம், எந்தெந்தச் சாலை என்பதை நகராட்சி துணைவிதி தீர்மானிக்கும்.

இந்த விதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு வகை தெரிகிறது. ஒன்று, வண்டியில் எதையெல்லாம் மாட்டியிருக்கிறாய் என்று கேட்பது. மற்றொன்று, எங்கே, எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் போகிறாய் என்று கேட்பது. முதல் வகையைப் பற்றி எனக்கு ஆழ்ந்த ஐயம் உண்டு. கண்ணாடி மாட்டினால் பின்னால் வருபவர் தெரிவார். இண்டிகேட்டர் மாட்டினால் மற்றவர்களுக்கு நம் எண்ணம் தெரியும். எண் பலகை மாட்டினால் காவலருக்கு உரிமையாளர் யாரென்று தெரியும். இவை எல்லாம் தேவையானவைதான். ஆனால் இவற்றில் ஒன்றுகூடப் பின் அச்சைத் தொடுவதில்லை. பூட்டிய அச்சோடும் பலூன் டயரோடும் வளைவில் தடுமாறும் வண்டி, ஒரு பெட்டி நிறைய உபரிப் பாகங்களை மாட்டிய பிறகும் அதே வளைவில் அதே போலத்தான் தடுமாறும். "சாலைக்குத் தகுதியாக்கும்" பாகத் தொகுப்பு என்று விற்கப்படுவது பெரும்பாலும் வண்டியைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் தொகுப்பு மட்டுமே. வாங்குபவரோ வண்டியே மாறிவிட்டதாக நம்பிச் சாலையில் ஏறுகிறார்.

இரண்டாவது வகை விதிகள் வண்டியின் குறையை ஒப்புக்கொண்டு தொடங்குகின்றன. இந்த வண்டி சாலைக்கு உகந்ததல்ல. ஆனால் வயலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சாலை ஓடுகிறது. அதைக் கடந்தாக வேண்டும். எனவே குறைந்த வேகத்தில், குறைந்த தூரத்துக்கு. இது நேர்மையான சட்டம் என்பது என் கருத்து.

அச்சு வரை இறங்கிய ஐரோப்பா

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. அங்கே ஏடிவி சாலைக்கு வெளியே நின்றுவிடவில்லை. அதற்கென்று ஒரு வாகன வகையே உண்டு. 2013ஆம் ஆண்டின் 168ஆம் எண் ஒழுங்குமுறை, இரண்டு மூன்று சக்கர வண்டிகளையும் குவாட்ரிசைக்கிள் எனப்படும் சிறு நான்கு சக்கர வண்டிகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அதில் எல்7இ என்ற வகையின் உட்பிரிவாக எல்லா நிலத்திலும் ஓடும் கனரக குவாட் வருகிறது; குவாட் என்பது ஏடிவிக்கு அங்கே வழங்கும் பெயர். ஆட்கள் பயணிக்கும் வண்டி என்றால் எடை 450 கிலோவுக்கு மிகாமல், ஹேண்டில்பார் வைத்த வகையில் வடிவமைப்பு வேகம் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுத்து வகை ஒப்புதல் பெற வேண்டும். விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒப்புதலுக்கு இணங்கியது என்ற சான்றிதழ் தர வேண்டும்.

அந்த ஒழுங்குமுறையின் எட்டாம் இணைப்பில் இருக்கும் ஒரு நிபந்தனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கடினமான தரையில் பாதுகாப்பாகத் திரும்புவதற்காக, ஒவ்வொரு சக்கரமும் எப்போதும் வெவ்வேறு வேகத்தில் சுழலக்கூடியதாக வண்டி அமைந்திருக்க வேண்டும். டிஃபரன்ஷியலைப் பூட்டும் வசதி இருந்தால், இயல்பு நிலையில் அது பூட்டப்படாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு வாக்கியம். ஆனால் சாலைக்கு வெளியே பிறந்த வண்டி சாலைக்கு வர எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைச் சட்டம் அச்சு வரை இறங்கிச் சொன்னது. ஹாரனையும் கண்ணாடியையும் எண்ணிக்கொண்டிருந்த சட்டங்கள் தொடாத இடம் அது.

ஐரோப்பாவிலும் பக்கவாட்டுக் கதவு ஒன்று உண்டு. விவசாய டிராக்டர்களுக்கான 167ஆம் எண் ஒழுங்குமுறையில், எடை 600 கிலோவுக்கு மிகாத சிறு டிராக்டர் என்ற வகை இருக்கிறது. பல ஏடிவிகள் இந்த வகையில் ஒப்புதல் பெற்று "டிராக்டர்" என்ற பெயரில் பதிவாகின்றன. டிராக்டருக்கு வேறு விதிப்புத்தகம், வேறு சோதனை. ஒரே கடையில் அருகருகே நிற்கும் இரண்டு வண்டிகள், கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், ஒன்று குவாட், மற்றது டிராக்டர் என்று காகிதத்தில் பிரிந்து நிற்கும். இந்தியாவிலும் இதே வாசல்தான் திறந்தது: போலாரிஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாதிரியை டிராக்டர் என்று ஒப்புதல் பெற்று, சாலையில் பதிவு செய்யக்கூடிய ஏடிவியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஒப்புதல் இல்லாத மற்ற ஏடிவிகளை இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவு தடுக்கிறது. பதிவு இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்கிறது அது.

பிரிட்டனில் சாலைக்கான குவாட் என்றால் ஒப்புதல், பதிவு, வரி, காப்பீடு, ஆண்டுச் சோதனை எல்லாம் காருக்கு இருப்பதைப் போலவே வேண்டும். விவசாயிக்குத் தனி ஏற்பாடு: ஒரே இருக்கை, 1,000 கிலோவுக்கு மிகாத எடை, வேளாண்மைக்கோ தோட்டத்துக்கோ வனப்பணிக்கோ மட்டும் என்ற நிபந்தனையோடு, தன் நிலத்தின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு 1.5 கிலோமீட்டருக்கு மிகாமல் சாலையில் போகலாம். சாலையில் குவாட் ஓட்டுபவருக்குத் தலைக்கவசத்தை பிரிட்டிஷ் சட்டம் கட்டாயமாக்கவில்லை என்பது எனக்கு விளங்காத புதிர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2017 முதல் கட்டாயம். கிரேக்கத் தீவுகளில் வாடகைக்கு எடுத்து ஓட்டும் சுற்றுலாப் பயணிக்கும் கட்டாயம்.

எது மோட்டார் வாகனம், எது சாலை

வழக்கு என்று வந்துவிட்டால் நீதிபதி முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான். பதிவும் உரிமமும் காப்பீடும் தேவைப்படுவது மோட்டார் வாகனத்துக்கு. சாலைக்காகவே செய்யப்படாத ஒன்று மோட்டார் வாகனம் ஆகுமா?

பிரிட்டிஷ் சட்டத்தின் சொற்கள்: சாலையில் பயன்படுத்தக் கருதப்பட்டது அல்லது அதற்கேற்ப அமைந்தது. 1963இல் ஒரு கோ-கார்ட் (பந்தயத் தடத்தில் ஓட்டும் தாழ்வான சிறு வண்டி) வழக்கில் அங்கே நீதிமன்றம் ஓர் அளவுகோல் வகுத்தது. உரிமையாளர் மனத்தில் என்ன நினைத்தார் என்று பார்க்க வேண்டியதில்லை. இந்த வண்டியைப் பார்க்கும் நிதானமான ஒரு மனிதர், இதன் பயன்பாடுகளில் ஒன்று சாலையில் ஓட்டுவது என்று சொல்வாரா? அந்தக் கோ-கார்ட் விஷயத்தில் இல்லை என்று தீர்ப்பு வந்தது. 2000ஆம் ஆண்டில் மோட்டார் பொருத்திய ஒரு சிறு ஸ்கூட்டர் விஷயத்தில் அதே அளவுகோலை வைத்து ஆம் என்று தீர்ப்பு வந்தது. சாலையில் ஓட்டாதே என்று தயாரிப்பாளர் எழுதி வைத்திருந்தும், மக்கள் அதைச் சாலையில் ஓட்டத்தான் போகிறார்கள் என்பதை நீதிமன்றம் கண்ணெதிரே பார்த்தது. ஏடிவி ஓட்டுபவர்கள் இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. "இது சாலை வண்டியே இல்லை, எனவே எனக்கு உரிமமும் காப்பீடும் தேவையில்லை" என்ற வாதம் சாலையில் பிடிபட்ட பிறகு எடுபடுவது அரிது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1974இல் போலானி ஓர்ஸ் வழக்கில், சுரங்கத்தில் ஓடும் டம்பர் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது, சாலைக்கேற்ப அமைந்தது என்றால் சாலையில் ஓடத் தகுந்தது என்றே பொருள் கொண்டது.

சாலை என்ற சொல்லும் பலர் நினைப்பதைவிட அகலமானது. தார் போட்ட பகுதி மட்டுமே சாலை என்று நம்பி, ஓரத்து மண்ணிலும் பள்ளத்திலும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பல சட்டங்களில் சாலைக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தின் முழு அகலமும் சாலையே. தனியார் நிலமாக இருந்தாலும் பொதுமக்கள் தடையின்றி வந்துபோகும் இடம் என்றால் பல நாடுகளில் அது பொது இடமாகக் கருதப்படும். பிரிட்டனில் பொதுப் புல்வெளியிலும் நடைபாதையிலும் அனுமதியின்றி மோட்டார் வண்டி ஓட்டுவது தனிக் குற்றம். மண் சாலையும் சாலைதான். ஏடிவிக்கு அங்கே ஆபத்து சற்றுக் குறைவு என்பதால் சட்டம் தானாக விலகிக்கொள்வதில்லை.

மோதிய பிறகு வரும் கேள்வி

அபராதத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது காப்பீடு. பண்ணைக்கோ வீட்டுக்கோ எடுத்த காப்பீட்டில் ஏடிவி சேர்ந்திருந்தால், அது பெரும்பாலும் சொந்த நிலத்துக்குள் நடப்பதற்கு மட்டும். வேலியைத் தாண்டிச் சாலையில் ஒருவர் மீது மோதினால், சட்டவிரோதப் பயன்பாடு என்று சொல்லி நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. அடிபட்டவருக்கு மருத்துவச் செலவு எங்கிருந்து வரும்? ஓட்டியவரின் வீட்டிலிருந்தும் வயலிலிருந்தும்தான். விடுமுறைக்குப் போன தீவில் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவரின் பயணக் காப்பீடும் பல நேரங்களில் குவாட் வண்டியைத் தனியாக விலக்கி வைத்திருக்கும். சிறு எழுத்தில் இருக்கும் அந்த வரியைப் புறப்படும் முன் யாரும் படிப்பதில்லை.

சொந்த நிலத்துக்குள் என்றால் கட்டாயக் காப்பீடே வேண்டாமா என்பதும் தீர்ந்துபோன கேள்வி இல்லை. ஸ்லோவேனியாவில் ஒரு பண்ணை முற்றத்தில், பரணில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரின் ஏணியில் பின்னோக்கி வந்த டிராக்டரின் டிரெய்லர் இடித்து அவர் விழுந்தார். 2014 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், வாகனத்தை அதன் இயல்பான வேலைக்குப் பயன்படுத்தும்போது இடம் தனியார் நிலமானாலும் கட்டாயக் காப்பீட்டுச் சட்டம் பொருந்தும் என்றது. பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகிய பின், 2022இல் ஒரு சட்டம் இயற்றி அந்தத் தீர்ப்பின் பிடியிலிருந்து வெளியே வந்தது. ஒன்றிய நாடுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

காவல்துறையின் சங்கடம் தனி. நியூயார்க்கில் ஏடிவிகளும் டர்ட் பைக் எனப்படும் மண் பாதை மோட்டார் சைக்கிள்களும் கூட்டமாகத் தெருவில் பாய்வது பெருந்தொல்லையானபோது, 2022 ஜூனில் மேயர் எரிக் ஆடம்ஸ் முன்னிலையில் புரூக்ளினில் பறிமுதல் செய்த ஏறத்தாழ நூறு வண்டிகளைப் புல்டோசர் ஏற்றி நசுக்கினார்கள். காட்சிக்கு அது பலமாக இருந்தது. ஆனால் தெருவில் தப்பி ஓடும் வண்டியைக் காவலர் துரத்தினால் நடைபாதையில் நிற்பவர் சாகக்கூடும் என்பதால் பல நகரங்களில் துரத்துவதற்கே கட்டுப்பாடு உண்டு. பிடிக்க முடியாத இடத்தில் தண்டனை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அது காகிதத்தில்தான் இருக்கும். விற்கும் இடத்தில் கட்டுப்படுத்துவது இதைவிடப் பயன் தரும். ஆஸ்திரேலியா அதைத்தான் செய்தது: 2021 அக்டோபர் முதல் விற்கப்படும் புதிய பண்ணை குவாட் வண்டிகளில், கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுங்காமல் காக்கும் அமைப்பு பொருத்தியிருக்க வேண்டும். ஹோண்டாவும் யமஹாவும் அந்த விதியை ஏற்காமல் அங்கே குவாட் விற்பனையிலிருந்தே விலகின. அரசு பின்வாங்கவில்லை.

சாலையைத் திறந்துவிடச் சொல்லும் குரல்களை நான் அலட்சியப்படுத்தவில்லை. மாட்டுக்குத் தீவனம் கொண்டுபோகும் விவசாயிக்கு, இரண்டு வயலுக்கு நடுவே ஓடும் அரை கிலோமீட்டர் சாலை அன்றாடத் தடை. வேறு வாகனம் எட்டாத மலைக் குடியிருப்புகளில் இதுதான் போக்குவரத்து. பாதையோர ஊர்களுக்கு ஏடிவி ஓட்டிவரும் பயணிகளால் வருமானம் வருகிறது; ஊர்ச்சபைகள் தெருக்களைத் திறந்துவிடுவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். முதல் இரண்டு காரணங்களுக்கும் தூர வரம்பும் வேக வரம்பும் கொண்ட விதி போதும். மூன்றாவது காரணத்துக்காக ஊர் முழுவதையும் திறந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வண்டிகளை விற்று வாழும் அமெரிக்கத் தொழில்துறைச் சங்கமே ஏடிவியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதை எதிர்க்கிறது. விற்பவர் வேண்டாம் என்று சொல்லும் பயன்பாட்டை ஊர்ச்சபை வாக்கெடுத்து அனுமதிக்கும்போது, அந்தச் சபை எந்தப் பொறியியல் அறிவை வைத்து முடிவெடுத்தது என்று கேட்கும் உரிமை அந்த ஊர்க் குழந்தைகளின் பெற்றோருக்கு உண்டு.

பழைய ஏடிவி ஒன்றை வாங்கிச் சாலையில் ஓட்ட நினைப்பவர் விளக்கையும் ஹாரனையும் பார்ப்பதற்கு முன் இரண்டைக் கேட்க வேண்டும். முதலாவது, வண்டி எந்த வகையில் ஒப்புதல் பெற்றது என்று காட்டும் சான்றிதழ்: குவாட், டிராக்டர், அல்லது எதுவுமே இல்லை. ஒப்புதல் முறை உள்ள நாடுகளில் அந்தத் தாள் இல்லாத வண்டியைப் பிறகு பதிவு செய்வது செலவும் அலைச்சலும் மிகுந்த வேலை. பல இடங்களில் முடியவே முடியாது. வேறொரு மாநிலத்தில் அஞ்சல் வழியே வாங்கிய எண் பலகையும், நீங்கள் வசிக்கும் மாநிலம் ஏடிவியைச் சாலையில் ஏற்றுக்கொள்ளவில்லை என்றால், அநேகமாக உங்களைக் காப்பாற்றாது. இரண்டாவது கேள்விக்குத் தாள் வேண்டாம். பின்புறத்தைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பின் சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுழற்றுங்கள். மற்றச் சக்கரமும் கூடவே அதே திசையில் சுழன்றால், அந்த அச்சு பூட்டிய அச்சு.